போன்தான் விழுந்தது, நான் விழவில்லை

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, அது உனக்குத் தெரிந்ததுதான். நீயும் எங்களைப் போலவே சௌக்கியமாக இருக்க வேண்டும், முழங்கால் நீங்கலாக. முந்தாநாள்தானே வீடியோவில் முகத்தைப் பார்த்தோம், இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் எப்படிப்பா இருக்குன்னு நீ இதுவரை ஆறு தடவை கேட்டாய், ஆறு தடவையும் நல்லா இருக்கும்மான்னு சொன்னேன். ஏழாவது தடவை, அந்தக் கம்பெனி விடுறதிலேயே உசத்தியான மாடல்பா, அவ்வளவு யோசிச்சு வாங்கி அனுப்பினேன், நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டீங்களேன்னு கேட்டபோது உன் குரல் இறங்கிப்போனது. அதனால் விவரமாக எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் வீடியோவில் நான் பேசும்போது என் முகமும் ஒரு மூலையில் தெரிகிறது, என்னைப் பார்த்துக்கொண்டே சில விஷயங்களைச் சொல்ல எனக்கு வரவில்லை. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

முப்பத்தி நாலு வருஷமாக லிப்ட் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதிய கை என்பதால் வெளிப்புறத்திலிருந்து தொடங்குகிறேன். பெட்டியைத் தூக்கிப் பிடித்தபோது அடிப்பாகம் தானாக, சத்தமே இல்லாமல், மெதுவாக இறங்கியது. எங்கள் லிப்ட் கதவுகள் இப்படி மூடியிருந்தால் எனக்குப் பாதிப் புகார் குறைந்திருக்கும். உள்ளே போன், ஒரு ஒயர், மடித்த காகிதம் ஒன்று. சார்ஜர் இல்லை. அம்மா பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள், உள்ளே கையை விட்டுப் பார்த்தாள், கடைசியில் கூரியர்காரர் மேல் சந்தேகப்பட்டாள். உசத்தி போனுக்கு சார்ஜர் தரமாட்டார்கள் என்று நீ சொன்ன பிறகுதான் அந்த மனுஷன் தப்பித்தார். பெட்டியை அம்மா பட்டன் போட்டுவைக்க எடுத்துக்கொண்டாள், இதுவரைக்கும் இதுலதான் எனக்கு முழுத் திருப்தி என்கிறாள். போன் நல்ல கனம். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாக இறங்கி, யாரோ என் மேல் சாய்ந்துகொண்டே கூட வருவதுபோல இருக்கிறது. பின்னால் இருக்கும் மூன்று கேமராவைப் பார்த்துவிட்டு அம்மா, அடுப்பு மாதிரி இருக்குன்னாள். ஆபீஸில் எங்கள் ஸ்பேனர் (அதுதான், என்னோடு சர்வீஸுக்கு வருகிறவன், எந்நேரமும் காதில் பென்சில் மாதிரி எதையாவது சொருகியிருப்பான்) அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரிதான், இதுல பேசவும் முடியுமான்னு கேட்டான்.

இயங்கும் விதம். முகத்தைக் காட்டினால் திறக்கும் என்றாய், முகத்தை வட்டமாகச் சுற்றச் சொன்னது, சுற்றினேன், அம்மா சிரித்ததில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. இப்போது ஹெல்மெட் போட்டிருந்தால் அதற்கு என்னைத் தெரிவதில்லை. படிக்கிற கண்ணாடி போட்டாலும் தெரிவதில்லை. கண்ணாடியைக் கழற்றினால் அதற்கு என்னைத் தெரிகிறது, எனக்கு அது தெரிவதில்லை. படம் மிகத் துல்லியம். அம்மாவை ஒரு படம் எடுத்துக் காட்டினேன், இவ்வளவு விவரம் உங்கள யார் கேட்டான்னு உள்ளே போய்விட்டாள். ஆனால் வேலையில் அது உபயோகம்தான், மோட்டார் அறையில் நின்றபடி கயிற்றின் ஒவ்வொரு இழையையும் பெரிதாக்கிப் பார்க்கிறேன், டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வேண்டியதில்லை. தமிழில் எழுத்தடிப்பதுதான் இன்னும் கைவரவில்லை. போன மாதம் மேனேஜருக்கு, கயிறு தேய்ந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்று அடித்தேன். அது தானாகத் திருத்தி, வயிறு தேய்ந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்று அனுப்பிவிட்டது. மேனேஜர் ரெண்டு நாள் லீவு கொடுத்தார். ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். அப்புறம் தினமும் எத்தனை மாடி ஏறினேன் என்று கணக்குச் சொல்கிறது, செவ்வாய்க்கிழமை நாற்பத்தியொரு மாடி என்று சொல்லி ஒரு பதக்கமும் காட்டியது. உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன், இந்த உலகத்தில் லிப்டில் ஏறாத ஒரே ஜாதி லிப்ட் மெக்கானிக்தான், அது ஓடாதபோதுதான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

இதுவரைக்கும் எழுதியது நீ கேட்டதற்கு. இனி எழுதப்போவது நீ கேட்காதது, ஆனால் அதுவும் இந்தப் போனால் வந்ததுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் போன் கீழே விழுந்தது என்று மட்டும் உன்னிடம் சொன்னேன், நீயும் போனுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் கேட்டாய். போனுக்கு ஒன்றுமில்லை, ஒரு மூலையில் நகம் பட்டதுபோல ஒரு கீறல். அன்றைக்கு விழுந்தது எங்கே, வந்தது யார், என்ன பேசினோம் என்று இப்போது சொல்கிறேன்.

பல் டாக்டர் கிளினிக் கீழே இருக்கிற ஆறு மாடிக் கட்டடம், மாதாந்திர சர்வீஸ். மேலே மோட்டார் அறை வேலையை முடித்துவிட்டு, லிப்டை நாலாவது மாடியில் நிறுத்தி வைத்துவிட்டு, இரண்டாவது மாடிக் கதவைத் திறந்து வழித்தடக் கம்பியைப் பார்க்கக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து போன் போய்விட்டது. விழுந்த சத்தம் கேட்க இரண்டு நொடி ஆனது போல இருந்தது. அடியில் குழிக்குள், லிப்ட் வந்து மோதினால் தாங்குகிற பஃபர் ஸ்பிரிங் ஓரமாக யாரோ பழைய பஞ்சுக்கழிவை மூட்டையாகப் போட்டு வைத்திருந்தார்கள், அப்படிப் போடக்கூடாது, ரிப்போர்ட்டில் பல தடவை எழுதியிருக்கிறேன், அன்றைக்கு அதன் மேல்தான் விழுந்தது. அடுத்த மாதம் அதை எப்படிக் குறை என்று எழுதுவது என்று யோசித்தபடியே படியில் இறங்கினேன். ஸ்பேனர் அந்த நேரம் கிரீஸ் டப்பா வாங்கக் கடைக்குப் போயிருந்தான். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கீழ்த்தளக் கதவைத் திறந்து ஏணியைப் பிடித்துக் குழிக்குள் இறங்கியபோது பஞ்சுக்குள்ளிருந்து அது ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

நீ அனுப்புவதற்கு முன்பே அதில் என்னவோ ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறாய், பலமான அடி பட்டால் போன் என்னையே அடிபட்டவனாக முடிவுகட்டி, அரை நிமிஷம் பார்த்துவிட்டு, நீ குறித்து வைத்த எண்களுக்கெல்லாம் சேதி அனுப்பிவிடும் என்பது எனக்குத் தெரியாது. உனக்கு அனுப்பியிருக்கிறது, உனக்கு அப்போது விடியற்காலை, நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறது, அம்மா பள்ளிக்கூட ஆய்வகத்தில் பசங்களுக்கு அமிலம் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள், வேலை நேரத்தில் அவள் போன் மேஜை டிராயரில்தான் கிடக்கும். மூன்றாவது எண் யாருடையது என்று உனக்குத் தெரியும். நான் அதை எழுதிக் கொடுக்கவில்லை. அந்த எண்ணே எனக்குத் தெரியாது.

நான் குனிந்து பஞ்சைக் கிளறிக்கொண்டிருந்தேன். மேலே செருப்புச் சத்தம், யாரோ ஓடி வந்து மூச்சு வாங்குகிற சத்தம், அப்புறம் அண்ணான்னு ஒரு கூப்பாடு. நிமிர்ந்து பார்த்தால் உன் சித்தப்பா, ஆஸ்பத்திரி நீலச் சட்டையோடு, கையில் ஒரு சக்கரநாற்காலியின் பிரேக் பிடி. அவன் இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில் கட்டில், நாற்காலி ரிப்பேர் பார்க்கிறான், கழற்றிக்கொண்டிருந்ததைக் கையிலேயே பிடித்தபடி ஓடி வந்துவிட்டான். நான் குழிக்குள் மண்டி போட்டிருந்ததைப் பார்த்து விழுந்துவிட்டேன் என்றே நினைத்துவிட்டான். ஏணியைத் தேடக்கூட இல்லை, ஐம்பத்தாறு வயசு, விளிம்பில் உட்கார்ந்து அப்படியே குதித்துவிட்டான். குதித்து என் தலையைத் தொட்டுப் பார்க்கிறான், தோளைத் தொட்டுப் பார்க்கிறான், எங்க அடி, எங்க அடின்னு கேட்கிறான். பதினோரு வருஷம் கழித்து நான் என் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை, நான் விழலடா, போன்தான் விழுந்துச்சு.

அவன் என்னைப் பார்த்தான், பஞ்சு மூட்டையைப் பார்த்தான், பிறகு கையில் இருந்த பிரேக் பிடியைப் பார்த்தான். மேலேயிருந்து வாட்ச்மேன், ரெண்டு பேரும் உயிரோட இருக்கீங்களான்னு கேட்டார். இருக்கோம்னேன். அப்போதும் அது ஊளையிட்டுக்கொண்டுதான் இருந்தது. அவன் பஞ்சுக்குள் கையை விட்டு எடுத்து, எப்படி நிறுத்துறதுன்னு முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். அவ்வளவுதான், திறந்துகொண்டது. சுண்டு, கண்ணாடி போட்ட என்னை யாரென்று கேட்கிற போன், கண்ணாடி போட்ட அவனை ஒரே பார்வையில் உள்ளே விட்டுவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நெற்றி, ஒரே தாடை என்று எல்லோரும் சொல்வார்கள், நான் ஒத்துக்கொண்டதில்லை. நீ இதைப் படித்ததும் முகத்தை மறுபடி பதியச் சொல்லி போன் பண்ணுவாய். வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

நானும் அவனும் பேசாமல் போன கதையின் ஒரு பாதிதான் உனக்குத் தெரியும், நான் சொன்ன பாதி. அப்போது உனக்குப் பதினேழு வயது. ஏழு மாடிக் கிடங்குக் கட்டடம் ஒன்றில் லிப்ட் பிரேக்கைச் சரிசெய்ய உன் சித்தப்பா போனான், அவன் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். மூன்று நாள் கழித்து அந்த லிப்ட் மூன்றாவது மாடியில் நின்ற பிறகு பிரேக் பிடிக்காமல் நழுவியது. வெளியே கால் வைத்த ஒரு அம்மாவுக்குக் கணுக்கால் முறிந்தது. பிரேக்கைத் தளராமல் பிடித்து வைக்கிற ஒரு லாக் நட்டை அவன் இறுக்காமல் விட்டிருந்தான். விசாரணையில் அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். உள்ளதைச் சொன்னேன், அதுக்கு அவன் என்னோடு பேசுறதில்லைன்னு நான் வீட்டில் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். ஒரு நாள் சித்தப்பா எதிரே வருவதைப் பார்த்து நீ தெருவைக் கடந்து மறுபக்கம் போனாய், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. நான் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நின்று, நீ போகிற வரைக்கும் பார்த்துவிட்டுப் போனான். நான் உன்னைக் கூப்பிட்டுக் கண்டித்திருக்க வேண்டும். அப்பாவுக்காகப் பொண்ணு எப்படி நிக்கிறான்னு பெருமைப்பட்டேன்.

குழிக்குள் நின்றபடி அவன் போனை அணைக்கப் போனபோது, நான் அன்று காலையில் எடுத்த படங்கள் திரையில் இருந்தன. இப்போதெல்லாம் மோட்டார் அறைக்குள் போய், பிரேக், நட், கயிறு என்று ஒவ்வொன்றையும் நேரத்தோடு படமெடுத்து அனுப்பினால்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடவே கம்பெனி விடும். அவன் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தான். லாக் நட் படத்தில் நிறுத்தினான், இரண்டு விரலால் பெரிதாக்கினான். கோபமே இல்லாமல், வானிலை சொல்கிறவன் மாதிரி சொன்னான், இப்பல்லாம் மேல ஏறினாத்தான் கையெழுத்துப் போட முடியும் போல.

எனக்கு அந்தக் குழியில் உட்கார இடம் தேவைப்பட்டது. பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்தேன். அன்னைக்கு நான் மேல ஏறலடான்னு சொன்னேன். அவ்வளவுதான் சுண்டு, நாலு வார்த்தை. லிப்ட் ஓடவில்லை, ஏழு மாடி ஏற வேண்டும், வெயில், காலையிலிருந்து அது நாலாவது கட்டடம், என் தம்பிதானே பார்த்திருக்கான் என்று வாட்ச்மேன் மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விசாரணையில் கேட்டார்கள், மேலே போய்ச் சோதித்தீர்களா என்று. சோதித்தேன், பிரேக் பிடித்தது, மூடிக்குள் இருக்கிற நட் வெளியே தெரியாது, அது மெக்கானிக்கின் பொறுப்பு என்றேன். முகம் மாறாமல் சொன்னேன். உன் சித்தப்பா எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நட்டை இறுக்க மறந்துட்டேன்னு மட்டும் சொன்னான். அவனுக்குத் தெரியாது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரியும்னான். அன்னைக்கு வேலை முடிச்சுக் கீழ இறங்கும்போது ரெண்டாவது மாடியில ஞாபகம் வந்துச்சு, டெஸ்டரை மேலயே விட்டுட்டேன்னு. திரும்ப ஏறினேன். நீ எப்படியும் வருவே, ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போலாம்னு நாலரை வரைக்கும் மோட்டார் பக்கத்துல உக்காந்திருந்தேன். நீ வரல. கீழ வந்து பார்த்தா ரிஜிஸ்டர்ல உன் கையெழுத்து இருந்துச்சு, அதுல நேரம் மூணே முக்கால். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பிரேக் பிடியை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான், அங்க சும்மா உக்காந்திருந்த நேரத்துல மூடியைக் கழட்டி இன்னொரு தடவை பார்த்திருக்கலாம், அண்ணன் வந்து பார்ப்பான்னு விட்டுட்டேன்.

விசாரணையில ஏன்டா சொல்லலைன்னு கேட்டேன். நீ சொல்லுவேன்னு பார்த்தேன்னான். அன்னைக்குச் சொல்லுவே, இல்ல மறுநாள் சொல்லுவே, அந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லுவேன்னு பார்த்தேன், அப்புறம் பார்க்கிறதை விட்டுட்டேன்னான். பின்னே இப்ப ஏன்டா ஓடி வந்தேன்னு கேட்டேன். அதற்கு அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான் பார், அதை எழுத எனக்குத் தெரியவில்லை. சேதி வந்துச்சு, வந்தேன், அதுல உன் பேரும் ஒரு மேப்பும் இருந்துச்சு, வேற என்ன யோசிக்கச் சொல்றேன்னான். அப்படியே போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னான், உன் பொண்ணு வேலை கிடைச்ச அன்னைக்கே எனக்கு போன் பண்ணிட்டா. எங்களுக்குச் சொன்னது அதற்கு முன்னாலா, பின்னாலா என்று நான் விசாரிக்கவில்லை. அவன் எண் உன்னிடம் எப்படி வந்தது, தெருவைக் கடந்து போன பொண்ணு எப்போது திரும்பக் கடந்து வந்தாள் என்றும் கேட்கப்போவதில்லை. என்னைவிட நீ முந்திக்கொண்டாய் என்பது மட்டும் புரிகிறது. அவனைக் குழியிலிருந்து ஏற்றத்தான் பெரும்பாடாகப் போயிற்று, குதித்ததில் கால் பிசகியிருந்தது. ஸ்பேனர் கிரீஸ் டப்பாவோடு வந்து, யார் விழுந்தான்னு கேட்டான். போன் விழுந்துச்சு, ஆனா அடிபட்டது இவருக்குன்னு வாட்ச்மேன் விளக்கம் சொன்னார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் முழுசாகச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்து முடித்தாள், பீரோவில் அடுக்கினாள், கதவைச் சாத்தினாள். மறுநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அதற்கும் மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள், உங்க சித்தி வீட்டுக்கு, கூடப் பிறந்தவ மாதிரி இருந்தவ வீட்டுக்கு, பதினோரு வருஷம் நான் திருட்டுத்தனமா பள்ளிக்கூடத்துலேர்ந்து போன் பண்ணிட்டிருந்தேன், நீங்க ஏழு மாடி ஏறாததுக்காக. உன்னை நினைத்துத்தான் உங்க சித்தி என்று வாய்தவறி வந்திருக்கிறது. அதைத் திருத்துகிற நிலைமையில் நான் இல்லை.

எனக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு இன்னும் நாலு மாதம். கடைசி நாளில் விபத்தில்லாத பணி என்று ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள், பிரேம் போட்டு, கம்பெனி முத்திரையோடு. என் பேர் பட்டியலில் இருந்தது. மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்தக் காலத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்திருப்பார். முதலில் வயிறு எப்படி இருக்குன்னு கேட்டார், அப்புறம் முழுசாகக் கேட்டுவிட்டு, சார், அந்த ஃபைல் எந்த அலமாரியில இருக்குன்னே யாருக்கும் தெரியாது, நாலு மாசம் பேசாம இருந்துட்டுப் போயிடலாமேன்னார். பேசாமத்தான் சார் இருந்தேன்னேன். அவர் பேனா மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து மூடினார். எழுதிக் குடுத்தா நான் மேல அனுப்பித்தான் ஆகணும், சான்றிதழ் போயிடும், நடவடிக்கை ஏதாவது வந்தாலும் வரும்னார். எழுதினேன். ஒரே பக்கம், முப்பத்தி நாலு வருஷத்தில் நான் எழுதிய ரிப்போர்ட்டிலேயே சின்னது அதுதான், ஆனால் ஐந்து தாள் வீணானது.

அதைக் கொடுக்கிறதுக்கு முன்னால் உன் சித்தப்பாவிடம் காட்டணும் என்று தோன்றியது. இங்கேயிருந்து பத்து நிமிஷ நடைதான், நான் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டேன். கதவைத் திறந்த சித்தி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், சுத்தமாக இருந்த நாற்காலியை. அவன் பிசகின காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். தாளை நீட்டினேன். ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவை படித்தான். பேனா கேட்டான். எதை அடிக்கப் போகிறானோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமைன்னு எழுதியிருக்கே, அது வியாழக்கிழமைன்னான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான்தானே உக்காந்திருந்தேன். அடித்துத் திருத்தினால் நன்றாக இருக்காது என்று சித்தியிடம் வெள்ளைத் தாள் வாங்கி, அவர்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முழுசும் மறுபடி எழுதினேன். அவன் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக, தலைகீழாகவே, படித்துக்கொண்டு வந்தான். என் கையெழுத்தைப் போட்டு முடித்ததும் தாளைத் தன் பக்கம் திருப்பி, அடியில் சாட்சி என்று எழுதி, தன் பேரைப் போட்டு, பக்கத்தில் நேரமும் போட்டான். எதுக்குடா சாட்சின்னேன். நீ வரலைங்கிறதுக்கு என்னை விட்டா வேற யாரு சாட்சின்னான்.

மேலிடத்திலிருந்து பதில் முந்தாநாள் வந்தது, நாம் வீடியோவில் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில். மூன்று வரி. முடிந்துபோன விசாரணையை மறுபடி எடுக்க வழியில்லை, இந்த வாக்குமூலம் பழைய கோப்பில் சேர்க்கப்பட்டது, சான்றிதழ் பட்டியலிலிருந்து என் பெயர் நீக்கப்பட்டது. என் மேல் நடவடிக்கை ஏதும் இல்லை, கடைசி நாள் வரைக்கும் வேலைக்குப் போகலாம். அவனுக்கு இதனால் வேலை திரும்பக் கிடைக்கப்போவதில்லை, போன வருஷங்களும் திரும்பப்போவதில்லை, அது எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும். இந்தக் கடிதத்தை உனக்கு எழுத நினைத்தது அதற்கப்புறம்தான். போனில் அவனைக் கூப்பிட்டு மூன்று வரியையும் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது, அது நின்றது. இனிமே அந்த ஃபைலை யாரும் திறக்கப்போறதில்லன்னான். ஆமான்னேன். பரவாயில்ல, அதுல இருக்குன்னான். மறுபடி தட்ட ஆரம்பித்துவிட்டான்.

நீ என்னைப் பற்றி என்ன நினைக்கணுமோ நிதானமாக நினைத்துக்கொள் கண்ணு, பதில் உடனே வேண்டாம். போன் பண்ணி அழாதே, எனக்கும் வந்துவிடும், அப்புறம் மூலையில் தெரிகிற முகத்தை வேறு பார்க்க வேண்டியிருக்கும். நல்ல சாப்பாடு சாப்பிடு, தூக்கத்தைக் கடன் வைக்காதே, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது என்று அம்மா சொல்லச் சொன்னாள். ஆபீஸில் உனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் முடித்ததாகச் சொன்னால் நம்பு, ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுந்து போய்ப் பார். அம்மாவும் நானும் உனக்கு ஆயுசும் தைரியமும் குறையாமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம், எங்கே இருந்தாலும் நன்றாக இரு. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாயே, டாக்டரிடம் இந்த வாரமே நேரம் வாங்கு, தள்ளிப்போடாதே, அந்த விஷயத்தில் நீ என் பொண்ணு.

என்றும் உன் அன்பு அப்பா

அம்மா இதைப் படித்துப் பார்த்துவிட்டாள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லையாம்.